ரோமத் தொப்பியும் இரண்டு கோட் ஸ்டாண்டுகளும்

பல்கேரிய தேசத்துக்கு இதுவரை நேர்ந்த ஆபத்துகளிலேயே கொடியது, பக்கத்தில் ஆடுகிறவரின் காலைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்ட மனிதன். ஐந்நூறு வருடத் துருக்கி ஆட்சி இரண்டாவதாகத்தான் வருகிறது.

இதை நான் சொல்லவில்லை. ஆடற்பயிற்றுநர் தகுதிப் பேரவையின் தலைவர் பேராசிரியர் வெலிஸார் தபாகோவ் வானொலியில் சொன்னார். "காலைப் பாத்துக் கத்துக்கிறது கல்வியே இல்ல. தொத்துநோய். அம்மை மாதிரி ஒருத்தன்கிட்டேர்ந்து இன்னொருத்தனுக்குத் தாவும். முறையான பயிற்சிங்கிற தடுப்பூசி போட்டாத்தான் நிக்கும்" என்றார். பேட்டி எடுத்த பெண் நேராக வானிலை அறிக்கைக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் ட்ரெனோவ்காவில் அந்த அம்மை எல்லாருக்கும் போட்டிருந்தது. பரப்பியவர் கெர்கினா அக்கா.

எங்கள் ஊர் வாசகசாலையில் யாரும் வாசிப்பதில்லை. நாட்டில் எந்த ஊர் வாசகசாலையிலும் வாசிப்பதில்லை. கீழே ஆடுவார்கள், மேலே அலமாரியில் புத்தகங்கள் அதிரும். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அதன் கதவைத் திறப்பவர் அக்காதான். பகலில் அவருக்குக் கால்நடை மருத்துவமனையில் வேலை. டாக்டர் ஊசி போடும்போது மிருகங்களைப் பிடித்துக்கொள்வது. மாடு, நாய், பிறாண்டாத பூனை, பிறாண்டும் பூனை எதுவானாலும் அக்காவின் கை பட்டால் அடங்கிவிடும். அந்தக் கையோடு அப்படியே வகுப்புக்கு வருவார். வகுப்பின் பாடத்திட்டம் முழுவதும் இதுதான்: "என் கையைப் பிடி. என் காலைப் பாரு. வெக்கப்படாத."

இதை நம்பி இருபது முப்பது பேர் வந்தார்கள். பேக்கரி லில்யானா வந்தாள். போலீஸ்காரர் ஸாப்ரியன் வந்தார், தொப்பியைக் கழற்றாமல். நானும் தலைநகர் சோபியாவில் படிப்பதாக வீட்டில் நம்பப்படும் காலம்போக மற்ற நேரங்களில் வந்தேன். ஹோரோ என்பது கைகோத்து வரிசையாக ஆடுவது. தப்பாக ஆடினாலும் இரண்டு பக்கத்துக் கைகளும் விழவிடாது. ஆடத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த ஆட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பேரவைச் செயலாளர் திருமதி போயானோவா வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் வாசகசாலையில் முதல் வரிசை என்று ஒன்று இல்லை. அவரே ஒரு நாற்காலியைப் போட்டு அதை உண்டாக்கினார்.

"எங்க பயிற்சி எடுத்தீங்க?"

"கல்யாணங்கள்ல" என்றார் அக்கா.

"யாரு நடத்துற கல்யாணம்?"

"கூப்பிடுறவங்க நடத்துறதுதான்."

"உங்க குரு?"

"கசாப்புக்கடை மின்ச்சோ மாமா. குருன்னு இல்ல. பக்கத்துல நின்னேன்."

"அவரு எங்க பயின்றாரு?"

"அவரு பக்கத்துலயும் யாராச்சும் நின்னிருப்பாங்க."

திருமதி போயானோவா எழுந்து நின்று, எங்கள் எல்லாரையும் சுகாதார ஆய்வாளர் சமையலறையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

மறுவாரம் மேயர் வந்தார். "கெர்கினா, நான் உனக்கு எதிரி இல்ல" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்த யாரும் நல்ல சேதியோடு முடித்ததாகச் சரித்திரம் இல்லை. "சான்றிதழ் இல்லாதவங்க வகுப்பெடுத்தா வாசகசாலைக்கு வர்ற மானியம் நின்னுரும்னு சொல்றாங்க. ஜார்ஜ் புனிதர் திருநாளுக்கு முன்னாடி சோபியா போய் ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துரு. நீ ஆடுறதுக்கு அவங்க தங்கத்துலயே அடிச்சுக் குடுப்பாங்க."

"குடுக்கலைன்னா?"

மேயர் தரையைப் பார்த்தார். "சாவியைக் குடுத்துரு."

அந்தச் சாவி ஒரு சாண் நீளம். அக்கா அதைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருப்பார். அன்று வகுப்பு முழுக்க அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடினார். வரிசையின் கடைசியில் நின்றதால் அந்தக் கை காலியாக இருந்தது.

*

சோபியா பேருந்து நிலையத்திலிருந்து பேரவைக் கட்டடத்துக்கு அக்காவை அழைத்துப் போனது நான். பளிங்குத் தரை, ஓடாத லிஃப்ட், யாரும் சாய முடியாத நாற்காலிகள். அக்கா நல்ல உடை உடுத்தி, தலையை வாரி, வீட்டிலிருந்து ஒரு தட்டு பானிட்சாவும் எடுத்து வந்திருந்தார். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது, இன்னும் சூடு.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மெல்லிய கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞன். பெயர் ஸ்வெதோஸ்லாவ். ஒரு துண்டு பானிட்சாவுக்குள் நண்பனாகிவிட்டான்.

"பின்னணி எழுதியாச்சா அக்கா? ரெண்டாவது மாடியில எழுதித் தருவாங்க. நான் வாங்கிட்டேன். 'வியன்னாவில் பயிற்சி பெற்றவர்.'"

"அடேங்கப்பா. வியன்னாவுல என்ன ஆட்டம் கத்துக்கிட்ட தம்பி?"

"ஆட்டம் எங்க அக்கா? ஓட்டல்ல தட்டு கழுவினேன். முதல் வாரம் ஒருத்தர் எப்படிக் கழுவணும்னு பயிற்சி குடுத்தாரு. அதைத்தான் போட்டிருக்காங்க. எதுல பயிற்சின்னு போடல. பொய் மட்டும் எழுதக்கூடாதுன்னு பேராசிரியர் ரொம்பக் கண்டிப்பு."

"ஆடத் தெரியுமா உனக்கு?"

அவன் அக்காவை இரக்கத்தோடு பார்த்தான். "அதெல்லாம் நிபந்தனையில இல்லக்கா."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இருபதாண்டு மேடை அனுபவம் உள்ளவர் என்று அவருடைய பின்னணி சொன்னது. திரை இழுக்கும் வேலை. திறக்கும்போதும் மூடும்போதும் மேடையில்தானே இருந்தார்.

அக்கா ரெண்டாவது மாடிக்குப் போகவில்லை. "மின்ச்சோ மாமா பக்கத்துல நின்னேன். அதைச் சொன்னா என்ன?" என்றார். நானும் சரிதான் என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன அறிவுரைகளில் அது ஒன்றுதான் ஏற்கப்பட்டது.

தேர்வறையின் கதவு தாழ்ப்பாள் உடைந்து பாதி திறந்தே நின்றது. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பேராசிரியர். வலது பக்கம் திருமதி போயானோவா. இடது பக்கம் உடற்கூற்று நிபுணர். அவர் பல் மருத்துவர். எலும்பென்றால் எல்லாம் எலும்புதான் என்று நியமித்திருந்தார்கள்.

பின்னணி விசாரணை சீக்கிரமே முடிந்தது. மின்ச்சோ மாமாவின் கல்வித் தகுதியைக் கேட்டார்கள். "ஒரு ஆட்டை எட்டு வெட்டுல பிரிச்சுருவாரு" என்றார் அக்கா. பல் மருத்துவர் மட்டும் மரியாதையோடு தலையசைத்தார்.

அடுத்தது கோட்பாடு. மேசைமேல் சுண்ணாம்பில் செய்த ஒரு பாதம் இருந்தது.

"இந்தப் பாதம் எங்கே போகிறது?" என்றார் பேராசிரியர்.

அக்கா குனிந்து, சுற்றி வந்து பார்த்தார். "எங்கயும் போகல ஐயா. மேசைமேல இருக்கு."

"தவறு. இது வலப்புறம் செல்லும் நோக்கத்தோடு இருக்கிறது. எழுதிக்கோங்க திருமதி போயானோவா. விண்ணப்பதாரருக்கு நோக்கம் தெரியவில்லை."

பிறகு செய்முறை. திருமதி போயானோவா அலமாரியைத் திறந்து ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெரிய கூம்பை எடுத்தார். "பார்வைத் தடுப்புக் கழுத்தணி. காலைப் பாக்காம ஆடுறீங்களான்னு உறுதி பண்ண."

அக்காவுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "இது நாய்க்குப் போடுறது அம்மா. தையலை நக்காம இருக்க. எங்க ஆஸ்பத்திரியில மூணு அளவுல இருக்கு."

"இது இறக்குமதி செஞ்சது" என்றார் திருமதி போயானோவா.

"எங்களுதும் அப்படித்தான். இது பெரிய நாய் அளவு."

மாட்டிக்கொண்டார். பழக்கப்பட்ட கை, கொக்கியை அவரே போட்டார். இப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேரவையின் கூரையும் அதில் இருந்த ஈரக் கறையும்தான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக் காத்து நின்றார். யாரும் வரவில்லை.

"யாராச்சும் கை குடுங்க ஐயா."

"எதுக்கு?" என்றார் பேராசிரியர்.

"ஹோரோ ஆடணும்னா கை வேணுமே."

"தேர்வாளரோட கையை விண்ணப்பதாரர் தொட்டா அது லஞ்சம்."

"அப்ப வெளிய நம்ம பையன் நிக்கிறான். அவனைக் கூப்பிடட்டா?"

"அது காப்பி அடிக்கிறது."

"பாட்டாச்சும் போடுவீங்களா?"

"பாட்டு போட்டா யாரு வேணா ஆடிருவாங்களேம்மா" என்றார் பல் மருத்துவர் வருத்தத்தோடு.

பேரவை இதற்கும் வழி வைத்திருந்தது. மூலையிலிருந்து இரண்டு கோட் ஸ்டாண்டுகளை நகர்த்திவந்து அக்காவின் இரு பக்கமும் நிறுத்தினார்கள். இடப்பக்க ஸ்டாண்டில் பல் மருத்துவரின் மழைக்கோட்டு தொங்கியது. வலப்பக்க ஸ்டாண்டில் பேராசிரியரின் ரோமத் தொப்பி. நாடு முழுக்க இன்று கைகோத்து ஆடும் ஆட்டத்தைக் கற்றுத்தரும் முதல்தர ஆசிரியர்கள் அத்தனை பேரும் இந்த இரண்டு மரக்கட்டைகளின் கையைப் பிடித்துத் தேறியவர்கள். இதை நான் எந்த உணர்ச்சியும் இல்லாமல் எழுதுகிறேன். பேனா முனை காகிதத்தைக் கிழித்ததற்குக் காகிதம் மட்டமாக இருந்ததே காரணம்.

அக்கா ஆடினார். வாய்க்குள் தாளம் சொல்லிக்கொண்டார்: தக, தக, தகிட, தக, தக. நடுவில் வரும் அந்த நீண்ட தகிடவில் உடம்பு கொஞ்சம் தயங்கி, பிறகு விழுந்தடித்துக்கொண்டு ஓடும். கூம்புக்குள்ளிருந்து அந்தக் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. பழக்கம் விடுமா? பக்கத்து ஆளை இழுத்துக்கொண்டு போவதுபோல் இரண்டு ஸ்டாண்டுகளையும் வலப்புறம் இழுத்துக்கொண்டு போனார். மழைக்கோட்டு உண்மையில் நன்றாகவே ஆடியது. ரோமத் தொப்பிக்குத்தான் அது ஒத்துவரவில்லை. திருப்பத்தில் கொக்கியிலிருந்து எகிறி நேராகக் கூம்புக்குள் விழுந்து அக்காவின் முகத்தை மூடியது. அக்கா நிற்கவில்லை. தொப்பிக்குள்ளிருந்து தகிட கேட்டுக்கொண்டே இருந்தது.

முடித்ததும் கூம்பைக் கழற்றி, தொப்பியை எடுத்து, உரோமத்தை ஒரு பக்கமாகத் தடவி ஒழுங்குபடுத்தி, மேசைமேல் வைத்தார். மூச்சு வாங்கியது.

"ஐயா, எங்க தப்புன்னு எனக்கு விளங்கணும். நீங்க ஒரே ஒரு தடவை ஆடிக் காட்டுங்க. பாத்துக்கிறேன்."

பேராசிரியர் எழுந்தார். ஜன்னலருகே போய் நின்றார். பெரிய மனிதர்கள் பேசுவதற்கு முன் ஏன் ஜன்னலுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, முப்பத்தைஞ்சு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். எழுநூறு ஆசிரியர்களை உருவாக்கியிருக்கேன். ஒரு தடவைகூட ஆடினதில்ல. கல்யாணத்துல, என் சொந்தக் கல்யாணத்துலகூட, ஆடினதில்ல. ஏன்? நீதிபதி கொலை பண்ணிப் பழகணுமா? ஆடிட்டா பாரபட்சம் வந்துரும். அப்புறம் ஆட்டம் பிடிச்சுப்போயிரும். பிடிச்ச ஒண்ணை எப்படி ஒழுங்குபடுத்துறது? ஆடத் தெரிஞ்சவன்கிட்ட ஆட்டத்தை விட்டோம்னா நாளைக்கு எல்லாரும் ஆடுவாங்க. எல்லாரும் ஆடினா ஆசிரியர் எதுக்கு? ஆசிரியர் இல்லைன்னா பேரவை எதுக்கு?" கொஞ்சம் நிறுத்தினார். "நான் எதுக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. கதவுக்கு வெளியே இருந்ததால் அனுமதி இல்லை.

தேறாததற்குக் காரணம் இப்படிச் சொன்னார்கள்: 'விண்ணப்பதாரர் தேர்வு முழுவதும் பக்கத்து ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.' ஸ்வெதோஸ்லாவ் முதல் தரத்தில் தேறினான். ஸ்டாண்டுகளுக்கு நடுவில் அசையாமல் நின்றானாம். ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும் பேருந்தில் மலைகள் வந்ததும் அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார். "எத்தனை நாய்க்கு அதை மாட்டியிருக்கேன் தெரியுமாடா? ஒரு நாயைக்கூட அதோட ஆடுன்னு நாங்க சொன்னதில்ல."

*

சாவி ஸ்வெதோஸ்லாவுக்குப் போனது. பேரவைதான் அவனை எங்கள் ஊருக்கு அனுப்பியது. வாசலில் ஒரு பலகை: 'வியன்னாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்.' ஊர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியரை யாரும் குறை சொல்ல முடியாது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவரில் படம் காட்டி, பாதத்தின் நோக்கத்தை விளக்கினான். லில்யானா கையை நீட்டியபோது இரண்டடி பின்வாங்கினான்.

"கடிச்சிர மாட்டேன்டா" என்றாள் லில்யானா.

"கை மூணாவது வருஷம்தான் அக்கா."

மூன்றாவது வாரம் வகுப்பில் மிஞ்சியவர் போலீஸ்காரர் ஸாப்ரியன் ஒருவர். வருகை கட்டாயம் என்று யாரோ சொன்னதை அவர் நம்பியிருந்தார்.

மற்ற எல்லாரும் எங்கே போனார்கள் என்பது மேயர் தவிர எல்லாருக்கும் தெரியும். கால்நடை மருத்துவமனையின் பின்முற்றத்தில் செவ்வாயும் வியாழனும் கூட்டம். கல்தரை, வைக்கோல் வாசனை. சுவரோரம் கூண்டுகளில் தையல் போட்ட நாய்கள் கழுத்தில் கூம்போடு உட்கார்ந்து பார்க்கும். பேரவையின் கண்ணியம் குறையாமல் இருக்க அது உதவியது. ஆனால் மழை பெய்தால் வகுப்பு இல்லை. அந்த ஏப்ரலில் நிறையவே பெய்தது. அக்கா வெறுங்கழுத்தில் கையை வைத்துத் தேடிவிட்டு, வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வார்.

*

ஜார்ஜ் புனிதர் திருநாளன்று சதுக்கத்தில் ஆட்டுக்குட்டிகள் நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. 'ட்ரெனோவ்கா மாதிரி வகுப்பை'த் தொடங்கிவைக்கப் பேராசிரியர் தபாகோவே வந்தார். ரோமத் தொப்பி இல்லை, மே மாதம். மேடையேறி அம்மை, தடுப்பூசி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். "இன்னைக்கு இந்தச் சதுக்கத்துல, பக்கத்து ஆளோட காலைப் பாக்காத முதல் ஹோரோவை நாடு பாக்கப்போகுது" என்று முடித்தார்.

பெருமுரசும் நாயனமும் தொடங்கின. ஸ்வெதோஸ்லாவ் வரிசையின் தலையில், கோட் ஸ்டாண்டு உயரத்துக்குக் கைகளை நீட்டி நின்றான். லில்யானா அந்தக் கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க, லஞ்சம்!" என்று கத்தினான். பாவம், பழக்கம்.

முரசு அடித்துக்கொண்டே இருந்தது. ஊர் நின்றுகொண்டே இருந்தது. ஜார்ஜ் புனிதர் திருநாளில் ஹோரோ நகராமல் நின்றால் வருடம் முழுக்க விளங்காது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் மூடநம்பிக்கைக்காரர்கள் இல்லை. ஆனாலும் தெரியும். மேயர் வியர்த்துக்கொண்டு, கறி வெட்டும் மேசைக்குப் பின்னால் கைகட்டி நின்ற அக்காவிடம் ஓடினார்.

"கெர்கினா, உன் காலில விழறேன். ஆரம்பிச்சு வை. சாவியை இப்பவே வாங்கித் தரேன்."

"இப்ப எதுக்கு சாவி? முற்றத்துக்குக் கதவே இல்ல" என்றார் அக்கா. "முற்றம் மழையில நனைஞ்சப்ப எங்க போயிருந்தீங்க?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சதுக்கத்தின் நடுவுக்குப் போனார். மேடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நான் யாருக்கும் எதுவும் சொல்லித்தரல. சும்மா ஆடுறேன். அதுக்குத் தடை இன்னும் வரலையே?"

கைக்குட்டையை உருவினார். லில்யானா கை கொடுத்தாள். அவள் பின்னால் ஒரு கை, அதன் பின்னால் ஒரு கை. தக, தக, தகிட. சதுக்கம் நகர ஆரம்பித்தது. ஸ்வெதோஸ்லாவ் தனியாக நின்றான். வரிசையின் வால் அவனைக் கடந்தபோது ஒரு கிழவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேடையில் இப்போது பேராசிரியர் மட்டும் இருந்தார். விருந்தாளி வரிசைக்கு வெளியே நிற்பது எங்கள் ஊரில் வீட்டுக்காரன் முகத்தில் துப்புவதற்குச் சமம். ஸாப்ரியன் படியேறி, சல்யூட் அடித்து, அவர் முழங்கையைப் பிடித்தார்.

"வாங்க ஐயா."

"நான் ஆடுறதில்ல."

"ஊரு கோவிச்சுக்கும் ஐயா. நான் ஒத்தை ஆளு, காப்பாத்த முடியாது."

தலைமை விருந்தாளிக்கு இடம் இரண்டாவது. லில்யானா ஒதுங்கி வழிவிட்டாள். அப்படித்தான் பேராசிரியர் வெலிஸார் தபாகோவின் வலது கை கெர்கினா அக்காவின் இடது கைக்குள் போனது. மாடுகளை அடக்கும் கை. அவரால் உருவிக்கொள்ள முடியவில்லை.

முதல் சுற்றில் அவர் கண்ணை நேராக வைத்திருந்தார், கூம்பு மாட்டியவர்போல. கால்கள் எங்கெங்கோ போயின. எந்த நோக்கமும் தெரியவில்லை. லில்யானாவை இரண்டு முறை மிதித்தார். இரண்டாவது சுற்றில் ஊர் சிரிக்கிறதா என்று பார்த்தார். ஊர் சிரிக்கவில்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அவர் தலை மெதுவாக, யாரும் கவனிக்காதபடி, தாழ்ந்தது. தாடை மார்பைத் தொட்டது.

அக்கா முன்னால் பார்த்தபடியே கைக்குட்டையைச் சுழற்றினார். ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பாக்காதீங்க ஐயா. தொத்திக்கும்."

பேராசிரியருக்கு அதைக் கேட்க நேரம் இல்லை. அக்காவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது: தக, தக, தகிட.